கடைசி வீட்டு மூடி

அக்கா,

இன்று காலை என் வீட்டுச் சுவரிலிருந்து பழைய வயரை உருவினார்கள். இனிமேல் நம் குடியிருப்பில் எல்லாம் ஃபைபர். மொட்டை மாடியில் துருப்பிடித்துக் கிடந்த பெரிய டிஷ்ஷை நேற்றே கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். அந்த ஒரு டிஷ்ஷிலிருந்து கிளம்பிய ஒற்றை வயர்தான் மூன்று மாடிகளையும் சுற்றி, பன்னிரண்டு வீடுகளுக்குள்ளும் நுழைந்து வெளியேறி, கீழ்த்தளத்தில் உங்கள் இரண்டாம் எண் வீட்டைத் தாண்டி, என் ஒன்றாம் எண் வீட்டு ஹாலில் முடிந்தது. உங்களுக்கு நினைவிருக்கும்.

சுவரிலிருந்த பிளாஸ்டிக் தகட்டைத் திருப்புளியால் நெம்பிய பணியாளர், அதிலிருந்து ஒரு சின்னப் பித்தளை மூடியைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னும் இதைப் பத்திரமா வச்சிருக்கீங்களே மேடம்! கடைசி வீட்டுல இது இல்லைன்னா பில்டிங் பூரா படம் ரெட்டை ரெட்டையாத் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

"டிஷ் மாட்டுறவங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் போன பிறகு கையைக் கழுவினேன். பித்தளை வாசனை போகவில்லை. மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினேன்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போய்ச் சேராது என்று தெரிந்துகொண்டு எழுதுவது எழுதுகிறவருக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். அது தெரிந்தும் எழுதுகிறேன். நீங்கள் எதிர்வீட்டில் இருந்தபோது பத்தடி நடந்து வந்து சொல்லியிருக்க வேண்டியது இது.

நாங்கள் குடிவந்த புதிதில் எனக்கு முப்பதுகூட ஆகியிருக்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்த வந்திருந்தேன். கணவருக்குத் திருச்சியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். உங்கள் கணவர் குவைத்தில். நீங்கள் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், ஆனாலும் முதல் நாளிலிருந்தே எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசினீர்கள். என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டீர்கள். "நான் டீச்சர் இல்லைங்கக்கா, காலேஜ்ல லெக்சரர்" என்று திருத்தினேன்.

"பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

"ஆமா."

"அப்ப டீச்சர்தான்" என்று முடித்துவிட்டீர்கள்.

டிஷ் மாட்டியவர் அறந்தாங்கிக்காரர். ஹால் சுவரில் அவர் வைத்த தகட்டில் இரண்டு வாய்கள் இருந்தன. ஒன்றில் டிவி வயரைச் செருகினார். மற்றதில் அந்த மூடியைத் திருகிவிட்டு, "இதை மட்டும் தொட்றாதீங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது இருந்தாத்தான் நல்லாருக்கும்" என்றார். இன்னொரு முறை கேட்டேன். அதையேதான் சொன்னார். காரணம் சொல்லத் தெரியாதவர் பேச்சை நான் மதிப்பதில்லை. அந்தக் குணம் இப்போதும் இருக்கிறது.

அந்தப் பொங்கலுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது தூரிகைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றினேன். எந்த வயரோடும் சேராமல் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பித்தளைத் துண்டு என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மேசை இழுப்பறையில் ஊக்குகளோடு ஊக்காகப் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு படம் கெட்டது. என் வீட்டில் மட்டுமில்லை, பன்னிரண்டு வீட்டிலும். செய்தி வாசிப்பவரின் தோளை ஒட்டி மங்கலாக இன்னொரு தோள் தெரிந்தது. கீழே ஓடும் எழுத்துக்கெல்லாம் நிழல் விழுந்து படிக்க முடியவில்லை. ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வீட்டுல நியூஸ் வாசிக்க ரெண்டு பேரு வாராங்க. ஒருத்தர் மறந்துட்டா இன்னொருத்தர் எடுத்துக் குடுக்கிறதுக்கு!"

முதல் சில வாரம் அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு யாரால் இப்படி ஆனது என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு டிவிதான் என்பது நமக்குள் பேசி வைத்திருந்த விதி. உங்கள் கணவர் விடுப்பில் வந்துபோனபோது இரண்டு பேர் ஒரு புது டிவிப் பெட்டியைத் தூக்கி வந்து உங்கள் வீட்டில் இறக்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு டிவி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் அப்போதுதான் தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாராச்சும் ரெண்டு டிவி மாட்டியிருந்தா இப்பவே சொல்லிருங்க. பிரச்சினை பண்ண மாட்டோம்" என்றார்.

"கேட்டா சொல்வாங்களா சார்?" என்றார் ஒன்பதாம் எண்காரர். "கொவைத்துப் பெட்டி வந்து எறங்குனதை ஊரே பாத்துச்சு."

நீங்கள் பின்வரிசையில் பெண்களோடு நின்றிருந்தீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தீர்கள்.

"அது என் தங்கச்சிக்குங்க. மீமிசலுக்குப் போகணும். கொண்டுபோக ஆளில்லாம கெடக்கு. பெட்டியே இன்னும் பிரிக்கலை. யாராச்சும் கீழ வந்து பாருங்களேன்."

"பிரிச்ச பெட்டியத் திரும்ப ஒட்டுறதுக்கு ரொம்ப நேரமாகுமாக்கும்?" என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க பிசிக்ஸ். நீங்க சொல்லுங்க. ஒரு லைனை ரெண்டாப் பிரிச்சா படம் இப்படி ஆகுமா, ஆகாதா?"

"ஆக வாய்ப்பு இருக்கு" என்றேன்.

நான் சொன்னது அந்த மூன்று சொற்கள்தான் அக்கா. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூடப் பொய்யில்லை. 'வாய்ப்பு' என்பது ஆய்வுக்கட்டுரையில் நாங்கள் தப்பித்துக்கொள்ள வைத்திருக்கும் சொல். அங்கே நின்றவர்கள் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கும் தெரியும். என் கதவிலிருந்து உங்கள் கதவு பத்தடி. ஒருவர் இறங்கிப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும். பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று மாணவிகளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்த நானும் இறங்கிப் போகவில்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தீர்மான நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். எழுதினேன்: 'இரண்டாம் எண் வீட்டார் இணைப்பில் முறைகேடு செய்திருப்பதால் அவர்களது இணைப்பு துண்டிக்கப்படுகிறது.'

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டீர்கள்.

"முறைகேடுன்னா என்ன டீச்சர்?"

"விதிப்படி இல்லைன்னு அர்த்தம்க்கா."

"திருட்டுன்னு இல்லையே?"

"இல்லை."

"அப்பச் சரி" என்றீர்கள். உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மறுநாள் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து உங்கள் வீட்டுக்குள் போகும் வயரை வெட்டி, உங்கள் வீட்டை விட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு இணைத்தார். படம் சரியாகவில்லை. அப்போதாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். "உள்ளுக்குள்ள வேற எங்கிட்டாச்சும் கொக்கி போட்டிருப்பாங்க" என்றார் ஒன்பதாம் எண்காரர். அதற்கும் தலையாட்டினார்கள்.

அந்த வாரம்தான் ஈராக்கில் போர் தொடங்கியது. குவைத்துக்கும் ஏவுகணை வருகிறது என்றார்கள். உங்கள் கணவருக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. செய்தி பார்க்க உங்கள் வீட்டில் படம் இல்லை. முதல் நாள் மாலை என் கதவுக்கு வெளியே வந்து நின்றீர்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"இருக்கட்டும் டீச்சர். இங்கிட்டே நின்னு பாத்துக்கிறேன்."

தினமும் அப்படித்தான். நிலைப்படிக்கு வெளியே, ஒரு கை கதவில். உள்ளே ஓர் அடி வைக்கவில்லை. முறைகேடு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அதற்குள் யாரோ உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். திரையில் வரைபடம் காட்டினார்கள். கோடுகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

"இதுல குவைத்து எது டீச்சர்? இங்கிட்டா, அங்கிட்டா?"

எழுந்து போய்த் திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.

"அவுக இருக்கிற எடம் கடலை ஒட்டின்னு சொல்வாக. இந்த நெழல்ல கடல் எங்க முடியுதுன்னே தெரியலை."

ஐந்தாம் நாள் மாலை அறந்தாங்கிக்காரர் வந்தார். அதுவரை வெளியூரில் இருந்தாராம். நேராக என் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபடியே கேட்டார்: "மேடம், நான் மாட்டுன மூடி இருக்கா?"

எனக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிய ஆரம்பித்தது. வாய் முந்திக்கொண்டது.

"இருக்கு."

"நீங்க சொன்னாச் சரி. அப்ப மேல டிஷ் பொட்டியிலதான் ஏதோ" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார்.

இழுப்பறையைத் திறந்து ஊக்குகளுக்கு நடுவே தேடி எடுத்து, அதன் இடத்தில் திருகினேன். இரண்டு சுற்றுதான். திரையில் இரண்டு தோள்களும் சேர்ந்து ஒன்றாயின. எழுத்து துல்லியமாக ஓடியது.

அந்த மாதம் வகுப்பில் கயிற்றலை நடத்தியிருந்தேன். கயிற்றின் முனையை ஒன்றும் செய்யாமல் விட்டால் அலை அங்கே முட்டி வந்த வழியே திரும்பும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தேன். வயரிலும் அதேதான். முனைக்கு வந்து சேர்வதை வாங்கித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, திருப்பி அனுப்பாமல் இருப்பதுதான் அந்த மூடியின் வேலை. அது இல்லாத சுவரிலிருந்து எல்லாம் திரும்பிப் போய் மற்றப் பதினொரு வீடுகளிலும் நிழலாக விழுந்தது. பாடமாக எனக்கு மனப்பாடம். என் வீட்டுச் சுவரில் இருப்பது அதுதான் என்று தெரியவில்லை.

மாடியிலிருந்து சத்தம் கேட்டது. "வந்துருச்சு! வந்துருச்சு!" ஒன்பதாம் எண்காரர் படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டே சொன்னார்: "பாத்தீங்களா? ரெண்டாம் நம்பர் லைனை வெட்டுனதும் எப்படிச் சுத்தமாயிருச்சு! கொஞ்ச நாள் ஆகத்தான் செய்யும். வயர்ல தங்குனது வடியணும்ல!"

சிரித்தார்கள். ஒத்துக்கொண்டார்கள். உங்கள் கதவு திறந்திருந்தது. அறந்தாங்கிக்காரர் மட்டும் "நான் மேல ஒண்ணுமே செய்யலையே" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு போனார். நான் தவறைச் சரிசெய்தது உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அப்போது கதவைத் திறந்துகொண்டு போய் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

அன்று செய்தி நேரத்துக்கு நீங்கள் வந்து வழக்கமான இடத்தில் நின்றீர்கள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தீர்கள். பிறகு திரைக்குப் பக்கத்தில்.

"அது என்ன டீச்சர், செவுத்துல புதுசா?"

"மூடிக்கா. பூச்சி போகாம இருக்க."

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிப் போடலாமா?"

"உங்களுக்கு வேண்டாம்" என்றேன்.

நீங்கள் மறுபடி திரையைப் பார்த்தீர்கள். "படம் பளிச்சுன்னு இருக்கு. அப்ப எங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு இருந்திருக்கு. எனக்குத் தெரியாம ஏதோ ஆகியிருக்கும். நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்லியிருப்பீங்க."

நீங்கள் அதை நம்பித்தான் சொன்னீர்களா, இல்லை எனக்குச் சொல்ல ஒரு வழி விட்டு நின்றீர்களா என்று இருபது வருடத்துக்கு மேலாக யோசித்துப் பார்க்கிறேன். நான்கு நாள் மாலையும் அந்தச் சுவரைப் பார்த்து நின்றவர் நீங்கள். இரண்டில் எது உண்மையானாலும் எனக்குக் கேவலம்தான்.

அடுத்து நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். தவறை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் இணைப்பைத் திரும்பக் கொடுக்கலாம் என்றார் தலைவர். நீங்கள் ஒரு வெள்ளைத்தாளோடு என்னிடம் வந்தீர்கள்.

"நீங்களே எழுதிக் குடுத்துருங்க டீச்சர். நான் கையெழுத்துப் போட்டுர்றேன். அவுக கெடக்கிற நெலமையில, வீட்டுல படம் வந்தாப் போதும் எனக்கு."

எழுதினேன். 'அறியாமல் நடந்த முறைகேட்டுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது.' என் குற்றத்துக்கு என் கையால் எழுதிய மன்னிப்பின் கீழே உங்கள் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினீர்கள்.

"அறியாமன்னு போட்டீங்க பாருங்க, அது நல்லது" என்றீர்கள்.

மறுநாள் மதியம் ஒரு தூக்கில் கொடுவா மீன் குழம்பு கொடுத்தனுப்பினீர்கள். நான் அதைச் சாப்பிட்டேன்.

உங்கள் கணவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். நீங்கள் அதன் பிறகு இரண்டு வருடம் எதிர்வீட்டில் இருந்தீர்கள். தண்ணீர் மோட்டார் நின்றாலும், படிக்கட்டு பல்பு காணாமல் போனாலும், "ரெண்டாம் நம்பரைக் கேட்டீங்களா?" என்பது இங்கே ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. உங்கள் காதில் விழும்படியும் சொல்வார்கள். நீங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தினீர்கள். பின்பக்கச் சுவரோரம், வெயில் வராத இடத்தில் கயிறு கட்டிக்கொண்டீர்கள். மழை நாளில் உங்கள் துணி இரண்டு நாள் ஈரமாகவே தொங்கும். என் சமையலறை ஜன்னலிலிருந்து அது தெரியும். நான் அந்த ஜன்னலைச் சாத்தி வைத்துப் பழகிக்கொண்டேன்.

நீங்கள் மீமிசலுக்கே குடிபோய்விட்ட பிறகு பேச்சும் விட்டுப்போனது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு திருமண வீட்டில் யாரோ, நீங்கள் காலமானதாகப் பேச்சுவாக்கில் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு பஸ் ஏறினேன். அறந்தாங்கியில் மாறி உட்கார்ந்ததிலிருந்து சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

உங்கள் தங்கை வீட்டுக் கூடத்தில் அந்த டிவி இருந்தது. படம் வருவது நின்று வெகு காலமாகியிருக்கும். மேலே பூப்போட்ட துணி விரித்து உங்கள் போட்டோவை வைத்திருந்தார்கள்.

"அக்கா குடுத்ததுங்க" என்றார் உங்கள் தங்கை. "இது வந்து எறங்குனப்ப நாந்தான் பெட்டியப் பிரிச்சேன். பழசாப் போச்சு, தூக்கிப் போடுங்கன்னு பிள்ளைக சொல்லுதுக. எனக்கு மனசு வரலை."

பிறகு அவரே சொன்னார்: "ஒங்களைப் பத்தி அக்கா ரொம்பச் சொல்லும். சண்டை நடந்தப்ப டீச்சர் வீட்டு வாசல்ல நின்னுதான் நியூஸ் பாத்தேன், எழுந்து வந்து வெரல் வச்சுக் காட்டுவாங்கன்னு."

அடுக்கி வைத்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தீர்மான நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. காலையில் மூடி கைக்கு வந்ததும் அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். உங்கள் மன்னிப்புத்தாள் ஊசி குத்தியபடி அப்படியே இருந்தது. மாலையில் ஃபைபர் விஷயமாகக் கூட்டம். கடைசியில் எழுந்து, ஒரு பழைய தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்றேன். பாதிப் பேர் புதியவர்கள், ஒன்றும் புரியவில்லை. ஒன்பதாம் எண்காரருக்கு இப்போது காது மந்தம். காதில் கையை வைத்துக்கொண்டு, "யாரு? ரெண்டாம் நம்பரா? அந்தத் திருட்டு லைன் போட்டவங்களா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு நீங்கள் இங்கே மிச்சமிருப்பது அப்படித்தான்.

"அவங்க போடலை சார். படம் கெட்டது என்னால. என் வீட்டு மூடியைக் கழட்டினது நான். தெரிஞ்ச பிறகும் மறைச்சது நான்" என்று, அவருக்குக் கேட்க வேண்டுமென்பதால், சத்தமாகச் சொன்னேன்.

"அதெல்லாம் பழைய கதை மேடம், இப்ப எதுக்கு?" என்றார் ஒருவர். இன்னொருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் எண்காரர் மட்டும் காதிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அந்தம்மா செய்யலைன்னா ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"சொன்னாங்க சார். வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க. நாம யாரும் போகலை."

அவர் தரையைப் பார்த்தார். நோட்டைத் திறந்து, 'இரண்டாம் எண் வீட்டார்' என்பதில் 'இரண்டாம்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'ஒன்றாம்' என்று எழுதினேன். 'முறைகேடு' என்ற சொல்லைத் தொடவில்லை. அது அங்கே சரியான சொல்தான். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது முறை. போட்டேன். மன்னிப்புத்தாளைப் பிரித்து எடுத்துக்கொண்டேன். அதையும் திருத்திய பக்கத்தின் நகலையும் உங்கள் தங்கையிடம் கொடுக்க வேண்டும். இந்த முறை எழுத்தில் இருப்பதால் நாக்கை நம்ப வேண்டியதில்லை.

இதனால் எதுவும் சரியாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. வெயிலில் காய வேண்டிய உங்கள் துணி நிழலில் காய்ந்தது காய்ந்ததுதான்.

மூடியைப் பேனா டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து வகுப்புக்கு எடுத்துப் போவேன். யாராவது "நீங்க சொன்னாச் சரி மேடம்" என்று எழுதிக்கொள்ளக் குனிந்தால் கை டப்பாவுக்குப் போகும்.

உங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கிப் போடலாமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு வேண்டாம் என்றேன்; வந்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டவர் நீங்கள். அந்த நாட்களில் நான் உங்களிடம் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான், அக்கா.